காற்று மெஷின் வேலை செய்யாது

அத்தியாயம் 17

சத்யப்பிரியாவைப் போனும் கையுமாகப் பங்க் அறையில் விட்டுவிட்டு வந்திருந்தோம். இடையில் ஒரு வாரம் உங்களுக்கும் ஆயிரம் வேலை இருந்திருக்கும். அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற பெரிய சாலையில், புதுச்சத்திரத்தைத் தாண்டினால் வருகிறதே, அந்தப் பெட்ரோல் பங்க் அவளுடைய மாமனார் தில்லைநாதனுடையது. பகலில் அதைப் பார்த்துக்கொள்வது மருமகள்தான். பங்க் வளாகத்தின் ஓரத்தில் தகரக் கொட்டகை போட்டு டயர் கடை வைத்திருப்பவர் அவளைப் பெற்ற அப்பா சிற்றம்பலம். நாலு வழிச்சாலை போட வந்தவர்கள் ஆலப்பாக்கத்தில் இருந்த அவருடைய பழைய கடையை இடித்தபோது, "நம்ம பங்க்ல எடம் இருக்குது, வாங்க சம்மந்தி" என்று மரியாதையாகக் கூப்பிட்டு வைத்தவர் தில்லைநாதன்.

அந்தப் பங்க் மேல்தான் கம்பெனிக்கு ஒரு புகார் போயிருந்தது. பங்க்குக்கு வருகிற வண்டிகளுக்கு இலவசமாகக் காற்று பிடித்துத் தரவேண்டும் என்பது விதி. இங்கே மெஷினை நிறுத்தியே வைத்திருக்கிறார்கள் என்று யாரோ போன் போட்டுச் சொல்லிவிட்டார்கள். நாளைக்கு ஆபீசர் வருகிறார் என்று தகவல்.

அந்த நாளை இப்போது விடிந்துவிட்டது.

சிதம்பரம் வீட்டில் தில்லைநாதனுக்குக் காப்பி இறங்கவில்லை. "எவன் குடுத்திருப்பான்?" என்று நாலாவது முறையாகக் கேட்டார். சத்யாவின் கணவன் எழிலன் நெய்வேலியில் ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டு வந்து தூங்கிக்கொண்டிருந்தான். அவன் விழித்திருக்கிற அத்தியாயம் வந்தால் சொல்கிறேன். மாமியார் பட்டம்மாள் சமையலறை வாசலில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"மாமா, ஆபீசர் வர்றதுக்குள்ள ஒரு மெக்கானிக்கை வரவெச்சி மெஷினை சரி பண்ணிடலாம்ல?" என்றாள் சத்யா.

தில்லைநாதன் டம்ளரைக் கீழே வைத்தார். "என்னாத்த சரி பண்றது?"

"மெஷின் ரிப்பேர்தானே மாமா?"

"அது எப்பம்மா ரிப்பேர் ஆச்சு? ஸ்விட்சைப் போட்டா ஓடும்."

சத்யாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "போர்டு வெச்சிருக்குதே. மெஷின் வேலை செய்யாது, பக்கத்துக் கடையில கேக்கவும்னு."

"நான்தான் வெச்சேன். உங்கப்பா சாமானை எல்லாம் கொண்டாந்து எறக்குன அன்னைக்கே மெஷினை நிறுத்திட்டேன். பக்கத்துலயே நாம ஓசியில காத்து புடிச்சி வுட்டா அவரு கடைக்கு எவன் வருவான்? காத்து புடிக்க வர்றவன்தானம்மா பஞ்சரும் ஒட்டுவான், டயரும் மாத்துவான்."

"அப்பா கிட்ட சொன்னீங்களா?"

"இதைப் போயி சொல்லுவாங்களா?" தில்லைநாதனுக்கு முகம் மாறிவிட்டது. "உங்களுக்காகத்தான் நிறுத்தி வெச்சிருக்கேன்னு சொன்னா, செஞ்சதை சொல்லிக் காட்டுற மாதிரி ஆயிடாது?"

"இப்ப ஓட வுட்டுடலாமே மாமா. ஆபீசர் வரும்போது ஓடிட்டு இருக்கட்டும்."

"அவரு கண்ணு எதிர்ல ஓட வுட்டா, கடையைக் காலி பண்ணுன்னு சொல்ற மாதிரி இருக்கும். ஆபீசரை நான் பேசிக்கறேன். நீ போ."

அரிவாள்மனைச் சத்தம் சற்று நேரமாக நின்றிருந்ததைச் சத்யா கவனிக்கவில்லை. அவள் கவலை அவளுக்கு.

இந்த இரண்டு குடும்பங்களின் வழக்கத்தை இங்கே சொல்லியாகவேண்டும். பெண் கொடுத்த வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் எதையும் கேட்கமாட்டார்கள். பெண் எடுத்த வீட்டார், செய்ததை வாயால் சொல்லமாட்டார்கள். போனில்கூட நேராகப் பேசிக்கொள்வதில்லை. தீபாவளிக்கு வா என்பதிலிருந்து மாங்காய் காய்த்திருக்கிறது என்பது வரை எல்லாச் சேதியும் சத்யா வழியாகத்தான் போய்வரும். எல்லாவற்றையும் அவளிடம் சொன்னவர்கள் இதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

ஸ்கூட்டரில் போகும்போது அவளுக்கு மாமனார் மேல் பாசம் பொங்கியது. எவ்வளவு பெரிய மனசு! கூடவே எரிச்சலும் வந்தது. இப்படி ஒரு உபகாரத்தைச் செய்துவிட்டு, விதியை மீறிவிட்டு, இன்றைக்குப் பங்க்கையே இக்கட்டில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாரே!

பங்க்குக்கு வந்து சேர்ந்தபோது சிற்றம்பலம் ஒரு டிவிஎஸ் வண்டிக்குக் காற்று பிடித்துக்கொண்டிருந்தார். வண்டியின் இரண்டு பக்கமும் வெண்டைக்காய் மூட்டை. வண்டிக்காரர் சட்டைப் பையில் கையை விட்டதும், "போங்க, போங்க, நேரமாவுது" என்று விரட்டாத குறையாக அனுப்பிவைத்தார்.

"ஏம்ப்பா வாங்கல? தெரிஞ்சவரா?"

"காத்துக்கு நான் யாருகிட்டயும் வாங்கறது இல்லையே பாப்பா."

"யாருகிட்டயுமா?"

"கடை வெச்ச நாள்லேருந்து. பஞ்சர் ஒட்டுனா வாங்குவேன். டயர் மாத்துனா வாங்குவேன். காத்து ஓசிதான்." சிற்றம்பலம் குரலைத் தணித்துக்கொண்டார். "பெட்ரோல் பங்க்ல காத்து சும்மா குடுக்கணும்னு சட்டம் இருக்குதுல்ல? சம்மந்தி மெஷின் ரிப்பேரு. அவருக்கு என்னா கஷ்டமோ, சரி பண்ணாம வெச்சிருக்காரு. நாளைக்கு எவனாவது ஏன் குடுக்கலன்னு கேட்டா அவரு பேரு கெட்டுப் போவும். அதான் பங்க் சார்பா நானே புடிச்சி வுட்டுடறேன். எடம் குடுத்த மனுஷனுக்கு இதுகூட செய்யலன்னா எப்பிடி?"

"நீங்களே மெஷினை சரி பண்ணிக் குடுத்திருக்கலாமேப்பா. உங்களுக்குத் தெரியாத வேலையா?"

"அடுத்தவுங்க மெஷின்ல கை வெச்சா, ஏன் இன்னும் சரி பண்ணலன்னு குத்திக் காட்டுற மாதிரி இருக்காதா?"

"மாமா கிட்ட இதெல்லாம் சொன்னீங்களா?"

"இதைப் போயி சொல்லுவாங்களா?" என்றார் சிற்றம்பலம்.

சத்யா பக்கத்தில் கிடந்த லாரி டயர் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அப்பா பிழைக்கட்டும் என்று மாமனார் மெஷினை நிறுத்தியிருக்கிறார். மாமனார் பெயர் கெடக்கூடாது என்று அப்பா ஓசியில் காற்று பிடித்திருக்கிறார். அவரும் வாய் திறக்கவில்லை, இவரும் வாய் திறக்கவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். சிரித்தால் அழுதுவிடுவோமோ என்று பயமாகவும் இருந்தது.

இப்போது என்ன செய்வது? மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது என்று அப்பாவிடம் சொல்லிவிடலாமா? மாமனார் மூடி வைத்த விஷயத்தை உடைப்பது சரியா? இன்னொன்றும் குடைந்தது. இங்கே வருகிற எல்லாருக்கும் காற்று ஓசியில்தான் கிடைத்திருக்கிறது. அப்படியிருக்க, காற்று இல்லை என்று புகார் சொல்லுகிற அளவுக்கு யாருக்கு என்ன குறை? எப்படிக் கூட்டிக் கழித்துப் பார்த்தாலும் விடை வரவில்லை.

யோசிக்க நேரமும் இல்லை. கம்பெனி ஆபீசர் ராபர்ட் வந்து இறங்கினார். பின்னாலேயே தில்லைநாதனின் காரும் வந்தது.

ராபர்ட் சின்ன வயசுக்காரர், மரியாதை தெரிந்தவர். குளிர்ச்சியாக எதையும் குடிக்க மறுத்துவிட்டு நேரே காற்று மெஷினிடம் போனார். போர்டைப் படித்தார். மேலே மூடியிருந்த பாலிதீன் உறையை விலக்கினார். "என்ன சார் ரிப்பேர்?"

தில்லைநாதன் ஓரக்கண்ணால் பார்த்தார். காது கேட்கிற தூரத்தில் சம்பந்தி நிற்கிறார். என்னவென்று சொல்வார், பாவம்? "மோட்டார்ல ஏதோ சார்" என்று இழுத்தார்.

ராபர்ட் ஸ்விட்சைப் போட்டார். மெஷின் ஒரு உறுமல் உறுமிவிட்டு, ஜோராக ஓட ஆரம்பித்தது.

"நல்லாத்தானே சார் ஓடுது?"

சத்யா அப்பாவைப் பார்த்தாள். சிற்றம்பலம் காற்றுக் குழாயைக் கையில் பிடித்தபடி நின்றார். இத்தனை நாளும் ரிப்பேர் என்று அவர் நம்பிக்கொண்டிருந்த மெஷின், நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

"சார், இங்க காத்து கெடைக்காம இல்ல. எங்க சம்மந்தி கடையில புடிச்சிக்கலாம்" என்றார் தில்லைநாதன் அவசரமாக.

"அது காசுக்கு சார். விதி இலவசம்னு சொல்லுது."

டீசல் போட நின்றிருந்த லாரிக்காரர் ஒருவருக்குப் பொறுக்கவில்லை. "காசா? அவரு எவன்கிட்ட வாங்கினாரு? ரெண்டு வருஷமா நான் ஓசியிலதான் புடிக்கறேன். டீக்குக் குடுத்தாகூட வேணாம்னுவாரு சார்."

தில்லைநாதன் மெல்லத் திரும்பிச் சம்பந்தியைப் பார்த்தார். சிற்றம்பலமும் அவரைப் பார்த்தார். இருவரில் ஒருவர் ஒரு வார்த்தை பேசியிருந்தாலும் நான் இந்த அத்தியாயத்தை இங்கேயே முடித்திருப்பேன். பேசினால்தானே!

தில்லைநாதனுக்கு மானம் போய்விட்டது. சம்பந்தியை வைத்துச் சும்மா வேலை வாங்குகிறான் என்றல்லவா இந்த ரோட்டில் போகிற அத்தனை பேரும் நினைத்திருப்பார்கள்! சிற்றம்பலத்துக்கோ வேறு கணக்கு ஓடியது. நன்றாக ஓடுகிற மெஷினை நிறுத்திவிட்டு, பெண் கொடுத்தவனை இத்தனை நாள் குனிய வைத்தாரா இவர்? இவரையா நல்லவர் என்று நம்பினேன்?

ராபர்ட் கிளம்பும்போது சத்யாவைத் தனியாக அழைத்தார். "மேடம், மெஷினை வேணும்னே நிறுத்தியிருக்காங்கன்னு தெரியுது. நான் நாளைக்கு எழுதியாகணும். புகார் குடுத்தவர் இப்போ திருப்தின்னு சொல்லிட்டா எச்சரிக்கையோட விட்டுடலாம். இல்லைன்னா கொஞ்ச நாளைக்கு விற்பனையையே நிறுத்தச் சொல்ற மாதிரி ஆயிடும்."

"குடுத்தவரு யாரு சார்?"

"அதைச் சொல்லக்கூடாது."

தில்லைநாதன் காரில் ஏறிக் கண்ணாடியை இறக்கினார். சம்பந்தியிடம் காட்ட முடியாத கோபம் எல்லாம், முகம் தெரியாத அந்த ஆள் மேல் திரும்பியிருந்தது. "சத்யா, எவன் குடுத்தான்னு எனக்குத் தெரியணும். நம்மள சேர்ந்தவனா இருந்தா, அவன் இனிமே இந்த பங்க்குக்குள்ளயும் கால் வெக்கக் கூடாது, என் வீட்டுக்குள்ளயும் கால் வெக்கக் கூடாது. அது யாரா இருந்தாலும் சரி."

கார் போனதும் சிற்றம்பலம் கடையின் தகரக் கதவைச் சாத்தினார். பட்டப்பகலில் அவர் கடையைச் சாத்தி யாரும் பார்த்ததில்லை. "பஸ்ல போறேன்" என்றவரை விடாமல் சத்யா ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டாள்.

கடலூர் பழைய டவுனில் அப்பா வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினாள். சிற்றம்பலம் இறங்கவில்லை. ஒரு காலைத் தூக்கப் பார்த்தார், முடியவில்லை. பிறகு அவள் தோளை அழுத்திப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினார். வேட்டி விலகியபோது முட்டி இரண்டும் வீங்கிப் பளபளவென்று இருந்ததை அவள் பார்த்துவிட்டாள்.

"என்னாப்பா இது?"

"ஒண்ணுமில்ல. குந்தி எந்திரிக்கறதுல கொஞ்சம் வலி."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தைலம் போட்டு வுடறதே அவதான். குமராட்சிக்கு வளைகாப்புக்குப் போயிருக்கா, ரெண்டு நாளாப் போடல."

லாரி டயரை நின்றபடி பார்க்கலாம். டூவீலருக்குக் குந்தித்தான் ஆகவேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை டூவீலர்! இதெல்லாம் பங்க் அறை ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து தினமும் அவள் பார்த்ததுதான். பார்த்தும் பார்க்காமல் இருந்திருக்கிறோமே என்று அவளுக்கு அவள் மேலேயே ஆத்திரம் வந்தது. இனியும் மூடி வைப்பதில் அர்த்தம் இல்லை. மாமனார் எதற்காக மெஷினை நிறுத்தினார் என்று கடகடவென்று சொல்லி முடித்தாள்.

சிற்றம்பலம் நாற்காலியில் சாய்ந்தார். "எனக்காகவா நிறுத்தி வெச்சாரு?"

"ஆமாம்ப்பா."

"என் கடை ஓடணும்னா?"

"ஆமாம்ப்பா!"

அவர் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். "பாவி, நான் என்னா காரியம் பண்ணிட்டேன் பாப்பா. புகார் குடுத்தது நான்தான்."

சத்யா அவர் கைகளை முகத்திலிருந்து விலக்கினாள்.

"முட்டி தாங்கல. மெஷின் ஓடுனா நான் காத்து புடிக்கற வேலையை வுட்டுடலாம். சம்மந்தி கிட்ட கேக்க முடியுமா? பங்க் செவுத்துல கம்பெனி நம்பரு எழுதியிருக்குதுல்ல, அதுக்குப் போட்டேன். மெஷின் ஓடலன்னு சொன்னா அவுங்களே ஒரு ஆளை அனுப்பி சரி பண்ணிடுவாங்கன்னு நெனச்சேன். இப்பிடி விசாரணை வரும்னு எனக்குத் தெரியுமா?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லப்பா?"

"உங்கிட்ட சொன்னா நீ அங்க போயி கேப்ப. உன் வாயால கேட்டா என்னா, என் வாயால கேட்டா என்னா? பொண்ணு வீட்டுக்காரன் கேட்டான்னுதான் பேரு."

கட்டிப்பிடித்து அழுவதா, நாலு கேள்வி கேட்பதா? சத்யா இரண்டையும் செய்தாள். பிறகு அவர் போனிலிருந்தே அந்த நம்பருக்குப் போட்டு, மெஷின் ஓடுகிறது, திருப்தி என்று சொல்ல வைத்தாள். அத்துடன் பங்க் தப்பித்தது. அப்பா தப்பிக்க வழி தெரியவில்லை. கால் வெக்கக் கூடாது என்று மாமனார் சொன்ன வார்த்தை காதிலேயே இருந்தது. அந்தக் கடை போனால் அப்பாவுக்குப் பிழைப்பும் இல்லை, மகள் வீட்டு வாசலும் இல்லை.

சிதம்பரம் திரும்புகிற வழியெல்லாம் ஒரே யோசனை. கடைசியில் முடிவு செய்துவிட்டாள். நான்தான் குடுத்தேன் என்று சொல்லிவிடுவது. மருமகளைத் திட்டுவார், ஒரு மாதம் பேசமாட்டார். மிஞ்சிப் போனால் என்ன செய்துவிடுவார்?

வீட்டில் விளக்கேற்றியிருந்தார்கள். எழிலன் மறுபடி ஷிப்டுக்குப் போயிருந்தான். தில்லைநாதன் கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"மாமா, அந்தப் புகாரு..." என்று ஆரம்பித்தாள்.

"தெரிஞ்சி போச்சும்மா." அவர் குரல் செத்திருந்தது. "உங்க அத்தைதானாம். அவளே ஒத்துக்கிட்டா. எத்தினி வருஷமா என்கூட குடும்பம் நடத்துறவ, என் பங்க் மேல போன் போட்டு சொல்லியிருக்கா. யாரா இருந்தாலும் சரின்னு சொன்னேன்ல? சொன்னது சொன்னதுதான். காலையில சேத்தியாத்தோப்பு பஸ்ல ஏத்தி வுட்டுடு. அவ தம்பி வீட்டுலயே இருக்கட்டும்."

சத்யாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அப்பா அழுதுகொண்டே ஒப்புக்கொண்டதைத் தன் காதால் கேட்டுவிட்டு வந்திருக்கிறாள். அத்தை எப்படி?

உள் அறையில் பட்டம்மாள் புடவைகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே, "கதவை சாத்து" என்றாள்.

"அத்தை, நீங்க குடுக்கல. எனக்குத் தெரியும்."

"எனக்கும்தான் தெரியும், உங்கப்பா குடுத்தாருன்னு. வேற எவன் குடுப்பான்? அந்த மெஷின் ஓடணும்னு வேண்டிக்கிட்டவரு அவரு ஒருத்தருதான்." பட்டம்மாள் ஒரு புடவையை உதறினாள். "வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை பங்க்குக்கு சூடம் காட்ட வரேன்ல? அவரு குந்திட்டு எந்திரிக்கறதைப் பாப்பேன். வண்டியைப் புடிச்சிக்கிட்டு, செவுத்தைப் புடிச்சிக்கிட்டு. உங்க மாமாவுக்குக் கண்ணு இல்ல. எனக்குக் கண்ணு இருந்துச்சி, வாய் இல்ல. சம்மந்தி வீட்டு ஆம்பளைக்கு முட்டி வலியான்னு நான் போயி எப்பிடி கேப்பேன்?"

"அதுக்காக நீங்க போவணுமா? நான் உண்மையை சொல்லிடறேன்."

"வாயைத் தொறந்தே, எனக்குக் கெட்ட கோவம் வரும்." இப்போதுதான் பட்டம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள். "நான் கோச்சிக்கிட்டுப் போனா ரெண்டு வாரத்துல ரசம் சரியில்லன்னு வந்து கூப்புட்டுக்குவாரு. சம்மந்தியைப் போன்னு சொல்லிட்டா, அப்புறம் எந்த மொகத்தை வெச்சிக்கிட்டு வான்னு கூப்புடுவாரு? நடுவுல நீதான சாவணும்?"

இத்தனை வருஷத்தில் இந்த அத்தை தன்னைப் பற்றி இப்படி யோசிப்பாள் என்று சத்யா நினைத்ததே இல்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சொல்லாமல் இருந்தால் அத்தை போகவேண்டும். சொன்னால் அப்பா போகவேண்டும்.

கூடத்தில் தில்லைநாதனின் போன் அடித்தது.

"சொல்லுங்க சம்மந்தி" என்ற குரல் கேட்டதும் பட்டம்மாளின் கை பையிலேயே நின்றுவிட்டது. சத்யாவுக்குக் கல்யாணமான நாள் முதல் சிற்றம்பலம் அந்த நம்பருக்குப் போட்டதே இல்லை.

சத்யா கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். தில்லைநாதன் எழுந்து நின்றிருந்தார். "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "நீங்களா?" என்றார். மறுபடி வெகுநேரம் கேட்டார். அவர் பார்வை மருமகளிடம் வந்தது. அவளைத் தாண்டி, அறை வாசலில் புடவையும் கையுமாக வந்து நின்ற மனைவியிடம் போனது.

"மாமா, போனை எங்கிட்ட குடுங்க" என்று சத்யா கையை நீட்டினாள்.

அவர் கொடுக்கவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது. கோபமா வருத்தமா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

"ரெண்டு வருஷம் சம்மந்தி" என்றார் தில்லைநாதன். "முட்டி வலியில மெஷின் ஓடலன்னு கம்பெனிக்காரன் கிட்ட சொல்ல உங்களுக்கு வாய் வந்துச்சி. என் பொண்டாட்டிக்கு என்கிட்ட பொய் சொல்ல வாய் வந்துச்சி. என்கிட்ட நேரா வந்து ஒரு வார்த்தை சொல்ல மட்டும் உங்க யாருக்குமே வாய் வரலையா? அவ்ளோ கெட்டவனாவா நான் இருந்தேன்?"

பட்டம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் போனைக் காதிலிருந்து எடுக்காமல், பதிலுக்காக நின்றுகொண்டிருந்தார்.